மூன்று பெயர்கள், ஒரு பெண்

கேள்வி: போர் நாவல் என்றாலே பீரங்கிச் சத்தம்தானே? காயம் ஆறுவதைச் சொல்லும் சீன நாவல் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. சத்தமே போடாத மூன்று பேர் சொல்லும் கதை அது, மூவரும் இறந்துபோனவர்கள்! ஜாங் லிங் 2017-இல் எழுதிய அந்த நாவலை, 2020-இல் ஷெல்லி பிரையன்ட் 'எ சிங்கிள் ஸ்வாலோ' என்று ஆங்கிலத்தில் தந்தார்.

1945 ஆகஸ்ட் 15. ஜப்பான் சரணடைந்த சேதி வந்த நாள். ஓர் அமெரிக்கப் பாதிரியார், ஓர் அமெரிக்கப் படைவீரர், ஒரு சீனப் படைவீரர் மூவரும், செத்த பிறகு ஆண்டுதோறும் இதே நாளில் யுவேஹூ கிராமத்தில் கூடுவது என்று வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். கூடியதும் பேச்செல்லாம் ஒரே பெண்ணைப் பற்றி. ஒருவருக்கு அவள் ஆ யான், ஒருவருக்கு ஸ்டெல்லா, மற்றவருக்கு விண்ட்.

ஜப்பானியச் சிப்பாய்கள் அவள் உடலைச் சிதைத்தார்கள். மிச்சத்தை ஊர் வாய் சிதைத்தது. என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் பெரிய புண். அவளோ பாதிரியாரிடம் வைத்தியம் கற்று, பிறர் புண்ணுக்கு மருந்து கட்டுகிறாள். அந்தப் பக்கங்களில் கண் கலங்காமல் இருக்க முடியவில்லை.

ஆசிரியர் டொரொண்டோவில் செவித்திறன் பரிசோதகராக வேலை பார்த்தவர். போரில் அடிபட்டவர்களும் அவரிடம் வந்தார்கள். அடுத்தவர் காதைச் சோதித்தவர், தன் காதையும் திறந்து வைத்திருக்கிறார்!

ஒரே குறை: கதை சொல்லும் மூவரில் அவள் இல்லை. அவள் வாயால் கேட்க ஏங்கினேன். ஆனாலும் அவசியம் படியுங்கள், படித்துவிட்டு எழுதுங்கள்.