எழுத்துரு வகையறா: மொய் விருந்து அழைப்பிதழ் ஒன்றை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

ஆய்வுப் பொருள் சிறியது. ஒரு பெட்டி. இணைய அழைப்பிதழ் செய்துகொள்ளும் பக்கம் ஒன்றில் 'எழுத்துருவின் பெயர்' என்று தலைப்பிட்டு நான் வைத்த, மூன்று விரற்கடை நீளமுள்ள வெற்றுப் பெட்டி. களம், புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். காலம், ஆடி. தரவு வழங்கியவர் என் தாய்மாமன். ஆய்வாளரும் நானே, ஆய்வுக்குக் காரணமான தப்பைச் செய்தவனும் நானே, திட்டு வாங்கியவனும் நானே. எனவே இந்த ஆய்வில் சார்பு இல்லை என்று சொல்ல முடியாது.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கிடாக்கறி போட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மொய் நோட்டு மட்டும் அவரவருக்குத் தனித்தனி. ஒருவர் முறை வருவது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. ஆக, அழைப்பிதழில் தன் பெயர் எந்த எழுத்தில் வருகிறது என்பது அழகியல் சங்கதி மட்டுமல்ல, வரவு செலவு சங்கதியும்கூட.

மாமா அந்தப் பெட்டியில் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'வானவில் அவ்வையார்; நல்லா தடியா, செவப்புல'.

மூலபாடத்தைப் பதம் பிரிப்போம். 'வானவில் அவ்வையார்' என்பது பெயர். அரசு அலுவலகங்களில் வருஷக்கணக்காகப் புழங்கிய எழுத்துரு, சந்தேகமில்லை. நடுவில் ஓர் அரைப்புள்ளி. அதன் பிறகு வருவது பெயரல்ல, ஆசை. மாமா என் பெட்டியை டி.டி.பி. கடைக்காரரின் காது என்று நினைத்துவிட்டார். பேர் கேட்ட இடத்தில் பேரோடு சேர்த்து விருப்பத்தையும் சொல்வது நம் மரபு. மொய் எழுதுமிடத்தில் பாருங்கள். 'பேரு?' என்று கேட்டால் இனிஷியல், ஊர், தெரு, வகையறா, 'தம்பி துபாய்ல இருக்கான், அவன் கணக்குல ஐநூறு' எல்லாம் ஒரே மூச்சில் வரும். எழுதுபவர் அதில் எது பெயர், எது தொகை, எது பெருமை என்று பிரித்து நோட்டில் ஏற்றுவார். உள்ளீட்டைச் சரிபார்க்கும் கலையில் இவர்களே நம் முன்னோர்.

என் பக்கத்துக்கு அந்த விவரம் இல்லை. பெட்டியில் வந்ததை அப்படியே சி.எஸ்.எஸ். நிரலில் ஒட்டியது. சி.எஸ்.எஸ். என்பது பக்கத்தின் அலங்காரத்தைச் சொல்லும் மொழி. அதில் அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்தது என்று பொருள். அடைப்புக்குறி '}' வந்தால் ஒரு கட்டளைத் தொகுதியே முடிந்தது என்று பொருள். ஆகவே உலாவி 'வானவில் அவ்வையார்' வரை எழுத்துரு என்று எடுத்துக்கொண்டு, 'நல்லா தடியா, செவப்புல' என்பதைப் புதுக் கட்டளையாகப் படிக்கப் பார்த்தது. புரியவில்லை. புரியாததைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போவது அதன் சுபாவம். மாமா தமிழில் ஆசைப்பட்டதால் பக்கம் பிழைத்தது.

மாமாவின் இளைய மகன் திருச்சியில் பொறியியல் படிக்கிறான். அவன் தன் ஆசையை சி.எஸ்.எஸ்.சிலேயே எழுதினான். ஒரு பெயர், ஓர் அரைப்புள்ளி, ஒரு '}', அதன் பின் தலைப்புக்குக் கீழே ஒரு வரியைக் காட்டச் சொல்லும் விதி. எல்லாம் அந்த மூன்று விரற்கடைப் பெட்டிக்குள். மறுநாள் காலை அழைப்பிதழைத் திறந்தவர்களுக்கு மாமா பெயருக்கு அடியில் இந்த வரி தெரிந்தது: 'மொய் வேண்டாம், ஆசி போதும்'.

கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து அழைப்பிதழில் இதைவிடப் பெரிய விபத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஒருவன் எழுதியதன் மேல் இன்னொருவன் ஏறி எழுதுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருமயம் குன்றில் இருந்த பழைய இசைக் கல்வெட்டின் மேலேயே 13ஆம் நூற்றாண்டில் வேறொன்றைப் பொறித்துவைத்தார்கள். ஆனால் அங்கே உளி தேவைப்பட்டது.

அடுத்த தரவு டி.டி.பி. கடையிலிருந்து வந்தது. அங்கே பாமினியில் தட்டிப் பழகிய பெரியவர் ஒருவர், அதே பழக்கத்தில் என் பெட்டியிலும் தட்டிவிட்டார். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவான பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கிலக் குப்பை. 'தமிழ்' என்று அடித்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வரும். ஏனென்றால் பாமினியில் புள்ளியின் இடம் ';' விசை. இன்னும் கேளுங்கள்: தூ, நூ, னூ போன்றவற்றின் நெடில் வாலுக்கு உரிய விசை '}'.

இதன் விபரீதத்தை அளக்க ஒரு கணக்கெடுப்பு செய்தேன். மாவட்டத்தின் 12 வட்டங்களின் பெயர்களையும் பாமினியில் எழுதினால் மொத்தம் 19 அரைப்புள்ளிகள் விழுகின்றன. கந்தர்வகோட்டை மூன்றோடு முதலிடம். புதுக்கோட்டை, இலுப்பூர், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் எல்லாம் இரண்டிரண்டு. குளத்தூருக்கும் இரண்டுதான், ஆனால் நடுவே ஒரு '}' உண்டு. அது ஒரே சொல்லில் கட்டளையையும் முடிக்கிறது, தொகுதியையும் மூடுகிறது. தாக்கும் எண்ணமே இல்லாமல் தன் ஊர்ப் பெயரை எழுதும் குளத்தூர்க்காரர் ஒவ்வொருவரும் இலக்கண சுத்தமான ஊடுருவல்காரர். 12இல் அப்பழுக்கற்றது விராலிமலை ஒன்றே. அதில் புள்ளியே கிடையாது. இடைக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி இடாமல் வெட்டிப் போவது சகஜம். அந்தக் கல்தச்சர்கள் பாமினியில் எழுதியிருந்தால் கந்தர்வகோட்டையும் தேறியிருக்கும்.

பரிகாரத்துக்கு வருவோம். முதலில் எனக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: எழுத்து தவிர வேறெதுவும் பெட்டிக்குள் வரக்கூடாது. நிரலில் 'எழுத்து மட்டும்' என்று ஒரு வரி எழுதினேன். ஆங்கில எழுத்து மட்டும் என்று விட மனம் வரவில்லை. எந்த மொழி எழுத்தானாலும் சரி என்றே எழுதினேன். 'லதா' என்று அடித்துப் பார்த்தேன். மறுப்பு. 'கட்டுமரம்'? மறுப்பு. 'பாமினி'? மறுப்பு. 'தமிழ்'? அதற்கும் மறுப்பு.

காரணம் ஒருங்குறியின் வகைப்பாடு. அதன் கணக்கில் 'க' எழுத்து. ஆனால் புள்ளியும், கால், கொம்பு, கொக்கி முதலியனவும் எழுத்தல்ல, 'குறி'. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்பதே இயல்பு என்று கொண்ட தொல்காப்பியர் இந்த இடத்தில் தோற்றார். எழுத்து மட்டும் என்றால், உயிரெழுத்துகளாலும் அகரம் ஏறிய எழுத்துகளாலும் மட்டுமே ஆன சொல்தான் உள்ளே வரும். அப்படிப்பட்ட தமிழ்ச் சொற்கள் எவை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். மளமள, கடகட, சலசல, படபட, தகதக, பளபள. என் காவல் நிரல் இரட்டைக்கிளவியை மட்டும் அனுமதிக்கிறது என்பதே இந்த ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு. ஒற்றையாய் வந்த 'பல', 'நட' ஆகியவையும் நுழைந்தன. ஆய்த எழுத்தும் தனியாக நுழைந்தது. பிறகு எழுத்தோடு குறியையும் சேர்த்து அனுமதித்தேன், லதா உள்ளே வந்தாள். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டுப் படுக்கப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிய வழியில்லை.

இரண்டாவது யோசனை, கெட்டதை மட்டும் தடுப்பது. இன்ன சொல் வந்தால் விடாதே, இன்ன குறி வந்தால் விடாதே என்று பட்டியல் போடுவது. இதன் கதி 2005 அக்டோபரில் தெரிந்துவிட்டது. மைஸ்பேஸ் தளத்தில் பயனர்கள் தம் பக்கத்தைத் தாமே அலங்கரித்துக்கொள்ளலாம். ஆபத்தான 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தளம் வடிகட்டிவந்தது. சாமி கம்கார் என்ற இளைஞர் (பெயர்தான் சாமி, நம்மூர்க்காரர் அல்ல) அலங்கார நிரலுக்குள் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்து, பாதியை அடுத்த வரியில் போட்டார். காவலுக்கு அது தெரியவில்லை. சில உலாவிகள் ஒட்டிப் படித்துக்கொண்டன. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு நண்பராகிவிட்டார்கள், தாங்கள் அறியாமலே. மாற்றுருவில் வருபவனை வேட்டி நிறத்தை வைத்துப் பிடிக்க முடியாது.

ஜல்லிக்கட்டில் முறை வேறு. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு எங்கள் தச்சங்குறிச்சியில் நடக்கும். இன்னின்ன காளை வரக்கூடாது என்று அங்கே பட்டியல் கிடையாது. டோக்கன் வாங்கி, கால்நடை மருத்துவர் பார்த்த காளைதான் வாடிவாசலுக்கு வரும். எழுத்துருவுக்கும் இதுவே உத்தமம்: பத்துப் பெயர்களை நாமே வைத்துவிட்டு, இதில் ஒன்றைத் தொடுங்கள் என்று சொல்லிவிடலாம். பெட்டியே தேவையில்லை. லதா, விஜயா, நிர்மலா, மீரா இனிமை, கவிவாணர் என்று அழகான பெயர்கள் இருக்கின்றன. (விஜயா விண்டோஸ் 7இல் வந்த தமிழ் எழுத்துரு. புதுக்கோட்டை அம்மன் காசின் ஒரு பக்கத்தில் 'விஜய' என்று தெலுங்கில் இருக்கும். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆய்வேட்டின் கனத்துக்காகச் சேர்த்தேன்.)

மாமா பட்டியலை ஏற்கவில்லை. 'என்னப்பா, கல்யாண மண்டபத்துல சாம்பார், ரசம்னு ரெண்டே ரெண்டு வாளிய காட்டுற மாதிரி இருக்கு. நான் கேக்குறத போடு.'

ஆகவே பெட்டி தங்கியது. வந்ததை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டியதாயிற்று. மேற்கோளுக்குள் போய்விட்டால் அரைப்புள்ளியும் '}' குறியும் வெறும் உருவங்கள்; குளத்தூர் சாதுவாகிவிடும். 'நல்லா தடியா, செவப்புல' என்பதும் பெயரின் பகுதியாகிவிடும். அப்படியும் மூன்று திருடர்கள் மிச்சம்: உள்ளே வரும் இன்னொரு மேற்கோள் குறி, பின்சாய்வுக் கோடு, வரி முறிவு. இவற்றை எண்ணாக மாற்றி, முன்னே ஒரு பின்சாய்வுக் கோட்டைப் போட்டு எழுத வேண்டும். நான்காவதாக ஒன்றுண்டு: '<' என்ற குறி. சி.எஸ்.எஸ்.சுக்கு முன்னால் நிற்கும் எச்.டி.எம்.எல். என்ற காவலர் மேற்கோளை மதிப்பதில்லை. அலங்காரப் பகுதி முடிந்தது என்ற வாசகத்தை எங்கே கண்டாலும் அங்கேயே கதவைச் சாத்துவார். எனவே அதையும் எண்ணாக்குக.

காற்புள்ளியில் ஒரு நுட்பம். சி.எஸ்.எஸ்.சில் எழுத்துருவைக் குறிக்கும் கட்டளையின் பெயரே 'ஃபாண்ட்-ஃபேமிலி'. நம் வழக்கில் வகையறா. காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதினால், முதல் பெயர் இல்லாதபோது அடுத்ததைத் தேடும். காது குத்துக்கு மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் வராவிட்டால், மாமன் முறையில் அடுத்தவர் உட்காருவது மாதிரி. 'லதா, விஜயா' என்பதை ஒரே மேற்கோளுக்குள் அடைத்தால் 'லதா காற்புள்ளி விஜயா' என்ற ஒரே ஆளை உலாவி ஊர் முழுக்கத் தேடும். காற்புள்ளியில் வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே மேற்கோளிடுக. மாமாவின் வாசகம் இப்படியாக இரண்டு எழுத்துருக்கள் ஆயிற்று: 'வானவில் அவ்வையார்; நல்லா தடியா' என்பது ஒன்று, 'செவப்புல' என்பது இன்னொன்று. கடைசியில் ஒரு பொதுப் பெயரை, மேற்கோள் இல்லாமல், நானே சேர்த்தேன்.

இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தை ஏற்றினேன். மாமாவின் கைபேசியில் அப்படி இரண்டு எழுத்துருக்களும் இல்லை. அசல் வானவில் அவ்வையாரே இருந்திருந்தாலும் உதவியிருக்காது. அழைப்பிதழ் ஒருங்குறியில் இருக்கிறது, அவ்வையார் அதற்கு முந்தைய காலத்து மனுஷி. ஆகவே உலாவி இரண்டு பெயரையும் தேடிக் களைத்து, கைபேசியோடு வந்த சாதாரணத் தமிழ் எழுத்தில், கறுப்பில், மெலிதாக அழைப்பிதழைக் காட்டியது.

காலையில் மாமா போன் செய்தார்.

'இதத்தான் மாப்ள நான் சொன்னேன். அவ்வையாருன்னா அவ்வையாருதான். செவப்ப மட்டும் கொஞ்சம் கொறச்சிட்ட போல, பரவால்ல, கண்ண உறுத்தாம இருக்கு.'