ஊமைப் படத்தில் ஒரு பாட்டுக்காரி

முகப்பேர் வாசகி: ஊமைப் பட நடிகைகள் பேசும் படம் வந்ததும் காணாமல் போய்விட்டார்களாமே?

பதில்: எல்லோருமா? டி.பி. ராஜலட்சுமிக்கு அப்போதுதான் வாழ்வே வந்தது! 1911-இல் பிறந்த திருவையாற்றுக்காரர். நாடக மேடையில் பாடிப் பெயர் வாங்கியவர். அவரைக் கூப்பிட்டு 1929-இல் 'கோவலன்' ஊமைப் படத்தில் நடிக்க வைத்தார்கள். பாட்டுக்காரியை வாயை மூட வைத்த காலம் அது. இரண்டே ஆண்டில் அவர் கதாநாயகியாக நடித்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம். 1931 அக்டோபர் 31, சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியானது. கதாநாயகன் தெலுங்கில் வசனம் பேச, இவர் தமிழில் பதில் சொன்னார். காதலுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை! நடுவே தேசியப் பாட்டு வேறு. வெள்ளைக்கார ஆட்சியில் காந்தியின் இராட்டையைத் திரையில் பாட எத்தனை துணிச்சல் வேண்டும்!

1936-இல் 'மிஸ் கமலா'. கதை அவரே எழுதிய நாவல்; தயாரிப்பும் இயக்கமும் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். 'சினிமா ராணி' என்று சும்மாவா அழைத்தார்கள்? 1964-இல் மறைந்தார். சினிமா வரலாறு சொல்பவர்கள் அவரை முதல் கதாநாயகி என்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. இயக்குநர்கள் வரிசையிலும் அவரைச் சேருங்கள், ஐயா!