ஒன்பதாயிரம் திர்ஹாம் ரதம்

ஷார்ஜா
நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

செஞ்சியில் மழை எப்படி, சங்கராபரணியில் தண்ணீர் வந்துவிட்டதா? கோட்டை ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதே, கூடவே பஸ் ஸ்டாண்டில் டீ விலையும் ஏறிவிட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். கார் வாங்கிவிட்டேன். உடனே அத்தையை ஆரத்தி கரைக்கச் சொல்லாதீர்கள். 2012 மாடல், வெள்ளை, 2 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. விலை 9,000 திர்ஹாம். நம் கணக்கில் ரெண்டு லட்சத்துச் சொச்சம். வேலை துபாயில், வாடகை கட்டுப்படியாவது ஷார்ஜாவில். நடுவில் இருக்கிற ரோட்டில் காலையும் மாலையும் பாதி ஆயுள் கரைகிறது. அதைச் சொந்த சீட்டில் உட்கார்ந்து கரைக்கலாமே என்றுதான்.

முதலில் சூக் அல் ஹராஜுக்குப் போனேன். ஷார்ஜாவின் பழைய கார் சந்தை அது. கண்ணுக்கெட்டிய மட்டும் கார், எல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மின்னுகிறது. கொரோலா பக்கம் என் பட்ஜெட் எட்டவே இல்லை. எத்தனை வயசானாலும் அதற்கு மவுசு குறைவதில்லை. கடைசியில், வேலையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்புகிற ஒருவரிடம் வாங்கினேன். ஃப்ளைட் டிக்கெட் எடுத்தவரிடம் பேரம் பேசுவது சுலபம்.

வாங்குவதற்கு முன், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்கக் காதை நீட்டினேன். கூட வந்த மலையாளி மெக்கானிக் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு முதலில் ஏசியைப் போட்டார். "இன்ஜின் நின்னா வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போகலாம். ஆகஸ்ட்ல ஏசி நின்னா உங்களைத் தூக்கிக்கிட்டுப் போகணும்" என்றார். பத்து நிமிஷம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். எனக்கு நடுக்கம் வந்த பிறகுதான் அவருக்குத் திருப்தி.

அடுத்து, மோந்து பார்க்கும் படலம். 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி இங்கே ஒரு மழை பெய்தது. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாள்கூட ஆகவில்லை, 254 மில்லிமீட்டர் கொட்டிவிட்டது. 1949 முதல் வைத்திருக்கிற கணக்கில் அப்படி ஒரு மழை கிடையாது. துபாய், ஷார்ஜா தெருக்களில் கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அப்படி முழுகினதைக் காயவைத்து, துடைத்து, வாசனை அடித்து விற்கிறவர்களும் உண்டு. அதனால் மெக்கானிக் கால் மிதியைத் தூக்கி மோந்தார். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவினார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வெளியே தெரிகிற பெல்ட்டை யாரும் தேய்த்துவிடுவார்களாம், உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில்தான் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்குமாம். நம்முடையது சுத்தம். கடைசி முழத்தில் பிஸ்கட் தூள் இருந்தது, அவ்வளவுதான். வண்டியில் அத்தர் வாசனை தூக்கலாக இருந்தால் மட்டும் பேரமே பேசாமல் நடையைக் கட்டச் சொன்னார்.

பழைய காரில் மலிவு கார் ஒன்றுதான் மாமா. அதை ஓட்ட விடுவதற்குத்தான் காசு. குடியிருக்க வந்துவிட்டால் நம் ஊர் லைசென்ஸ் செல்லாது. புதிதாகப் படித்து டெஸ்ட் எழுதி எடுத்ததில் இன்னும் பாதிக் கார் வாங்கியிருக்கலாம். விற்கிறவர் பேரில் அபராதப் பாக்கி இருந்தால் பேர் மாறாது. வயசான வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் என்றாலே கம்பெனிக்காரர்களுக்கு வேறு போன் வந்துவிடுகிறது. கிடைத்தது தேர்ட் பார்ட்டி. திண்டிவனம் ஆர்.டி.ஓ.வில் உங்கள் டாக்ஸிக்கு எஃப்.சி. எடுப்பீர்களே, அது மாதிரி இங்கே வருஷா வருஷம் பாசிங். பாஸானால்தான் முல்கியா என்கிற ஆர்.சி. கார்டு. அடங்காத குதிரையை தேசிங்கு ராஜா அடக்கிய கதையை ராகம் போட்டுச் சொல்வீர்களே, அவரிடம் யாராவது முல்கியா கேட்டார்களா?

நம்பர் பிளேட் கதை தனி. 2023 ஏப்ரலில் துபாய் ஏலத்தில் 'பி 7' என்கிற நம்பரை ஒருவர் ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்கு எடுத்தார். கின்னஸில் போட்டார்கள். பணம் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடும் அறக்கட்டளைக்குப் போனது, அதனால் திட்டவும் வழியில்லை. அந்தக் காசுக்கு என் காரைப் போல ஆறாயிரம் வாங்கலாம். என்னுடையது ஐந்து இலக்கம். கூட்டுத்தொகை எட்டு என்பதை அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

நல்ல சேதி, பெட்ரோல். இந்த நவம்பரில் லிட்டர் நம் காசுக்கு அறுபது, அறுபத்தைந்துதான். அந்த மிச்சத்தை சாலிக் டோல் பிடுங்கிக்கொள்கிறது. தடுப்பும் கிடையாது, நிறுத்துவதும் கிடையாது. தலைக்கு மேல் ஒரு கம்பி, கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர். நெரிசல் நேரத்தில் கடந்தால் 6 திர்ஹாம் சத்தமில்லாமல் போய்விடும். காரைக் கழுவாமல் தெருவில் போட்டு வைத்தால் துபாயில் 500 திர்ஹாம் வரை அபராதம் வேறு. புளியமரத்தடியில் நிற்கும் உங்கள் அம்பாசிடரை இவர்கள் பார்த்தால், அதன் கீழே அடைகாக்கும் கோழிக்கும் சேர்த்து ரசீது கிழிப்பார்கள்.

ஒரு உதவி மாமா. கார் வாங்கிய சேதி செஞ்சிக்கு எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கும். யாராவது கைமாற்று கேட்டு வந்தால், மாப்பிள்ளைக்கு இது பாசிங் மாதம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். எந்த மாதம் வந்தாலும் அதையே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை