முள் குத்தியவருக்கு நோபல்

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பக்கம் பருத்திக்கொல்லையில் வெறுங்காலோடு நடந்து, சீமைக்கருவேல முள் குத்தாமல் கரையேறியவர் யாருமில்லை. மறுநாள் கால் கொழுக்கட்டையாக வீங்கும். பாட்டி ஊக்கால் நோண்டுவார், நாம் அலறுவோம், அத்தோடு சரி. இதே சங்கதியை வைத்து ஒருவர் நோபல் பரிசு வாங்கிவிட்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் இலியா மெச்னிகாஃப். ஒடெசா பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் குடியிருந்தார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸில் குரங்கு பார்க்கப் போக, இவர் மட்டும் நுண்ணோக்கியில் நட்சத்திரமீன் குஞ்சு பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி உடம்பு, உள்ளே செல்கள் ஊர்வது தெரியும். சும்மா இருப்பாரா? தோட்டத்து ரோஜா முள்ளைப் பறித்து அந்தப் பச்சைப்பிள்ளை மேல் குத்திவிட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவருக்குத்தான், குஞ்சை யார் கேட்டது?

விடிந்து பார்த்தால், அச்சு முறிந்த தேரைச் சுற்றி ஊர் கூடுவதுபோல் முள்ளைச் செல்கள் மொய்த்திருந்தன. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அழற்சிக்கு ரோமாபுரி செல்சஸ் எப்போதோ பட்டியல் போட்டாயிற்று. அதெல்லாம் இரத்தக்குழாயின் கோளாறு என்று பெரிய பெரிய டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குஞ்சுக்கோ குழாயே கிடையாது! ஆக, அழற்சி என்பது காவலுக்கு ஆள் வருவது. நம் உடம்பில் அந்தக் காவல் செல்கள் கசியவிடும் ரசாயனத்தால் குழாய் விரிந்து, நீர் வெளியேறி, கால் கொழுக்கட்டையாகிறது.

கிருமியைக் கொல்வது செல் அல்ல, இரத்தத்தின் நீர்ப்பகுதிதான் என்று ஜெர்மானியர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். 1908இல் நோபல் குழு பங்காளித் தகராறு தீர்ப்பதுபோல் இவருக்கும் எதிரணிப் பால் எர்லிக்குக்கும் பரிசைப் பிரித்துக் கொடுத்தது.

நட்சத்திரமீனும் முள்ளும்தான் தேவை என்றால், அந்தப் பரிசுக்கு எங்களுக்கும் வாய்ப்பு இருந்தது. சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் இந்தச் சீமையில் கடல்தான். காரைப் பக்கம் கடல் உயிர்கள் இன்றும் கல்லாகக் கிடக்கின்றன. கடல் இருந்தபோது ஆள் இல்லை. ஆள் வந்தபோது கருவேலந்தான் மிச்சம்.

வந்த காவல்காரன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றால்? அதை 2006இல் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல் காட்டியது. ஆப்பிரிக்க மகோண்டே மொழியில் அதற்கு வளைந்துபோவது என்று பொருளாம். நமக்கு அகராதி எதற்கு, பேரிலேயே ‘குனி’ இருக்கிறதே! வைரஸ் ஒரு வாரத்தில் இரத்தத்தைவிட்டுக் கிளம்பிவிடும். மூட்டில் கூடாரமடித்த நம் படைதான் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. அரியலூர் மாவட்டம்கூட 2001இல் பெரம்பலூரைப் பிரிந்து, மறுவருடமே ஒட்டி, 2007இல் மறுபடி பிரிந்தது. மூட்டுவலிக்கு அந்த ரோஷம்கூட இல்லை.