ஐந்நூற்றோராவது யூனிட்

பணத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று இணையத்தில் கேட்டால், காப்பியை விடு என்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் பாக் என்பவர் இதற்கு ‘லாட்டே ஃபேக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார். கடைக் காப்பிக் காசை முதலீடு செய்தால் வயதான காலத்தில் செல்வந்தர் ஆகலாமாம். கொச்சிப் பள்ளுருத்தியில் நான் குடிப்பது முக்குக்கடைக் கட்டன் சாயா. அதை விட்டுச் சேர்க்கும் காசுக்கு, வயதான காலத்தில் ஒரு கட்டன் சாயாவும் அரைப் பழம்பொரியும் கிடைக்கலாம். தவிர, அந்தக் கடையில் ஊர்ச் செய்தி இலவசம்.

அடுத்தது 50-30-20. எலிசபெத் வாரன் தன் மகளோடு சேர்ந்து 2005-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய கணக்கு: தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20. படித்துக் காட்டினேன்.

“மீன் எதுல வருது?” என்றாள் மனைவி.

“நீயே சொல்லு.”

“மத்தி தேவை. நெய்மீன் ஆசை. கரிமீன் வாங்கினீங்கன்னா அது கடன்ல வரும்.”

அந்த அம்மையார் கடனுக்குத் தனிக் கட்டம் போடவில்லை. 2025-இல் தேங்காயெண்ணெய் லிட்டர் 500 ரூபாயைத் தாண்டியதும், மத்தி வறுவலும் ஆசைப் பட்டியலுக்குக் குடிபெயர்ந்தது. குழம்பு மட்டும் தேவையில் நீடிக்கிறது.

மூன்றாவது வகை ஆலோசகர்கள் வாடகைக் காரில் சாய்ந்துகொண்டு ஆப்ஷன் வர்த்தகம் கற்றுத் தருபவர்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ-வில், அதாவது முன்பேரத்திலும் ஆப்ஷனிலும், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மிச்சம் ஏழு சதவீதம் பேரும் பாடம் எடுக்கப் போய்விட்டார்கள் என்பது என் ஊகம். செபி அப்படிச் சொல்லவில்லை. எங்கள் கொச்சி மட்டாஞ்சேரிக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. மிளகின் முன்பேர வர்த்தகத்துக்கென்று 1957-லேயே இங்கே சங்கம் வைத்தவர்கள். ஆனால் அவர்கள் மிளகையாவது கண்ணால் பார்த்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சேச்சி இவர்கள் யாரையும் பார்ப்பதில்லை. அவருக்குக் கே.எஸ்.எஃப்.இ. சிட்டி, அதாவது சீட்டு, உண்டு. கே.எஸ்.எஃப்.இ. 1969-இல் கேரள அரசு தொடங்கிய நிறுவனம். மாதம் 10,000 ரூபாய், ஐம்பது பேர், ஐம்பது மாதம் என்றால் சீட்டு 5 லட்சம். அவசரக்காரர் தள்ளி எடுப்பார். தள்ளியதில் கமிஷன் போக மிச்சம் எல்லாருக்கும் பங்கு. இதைவிட வங்கி வைப்புநிதியில் வட்டி அதிகம் வரலாம் என்று ஒரு சென்னைத் தம்பி வெள்ளைப் பலகையில் நிரூபித்ததை அவருக்குச் சொன்னேன்.

“பேங்கில் கிடந்தா என் கை சும்மா இருக்காது மோனே. சிட்டின்னா மாசாமாசம் அடைச்சே தீரணும்” என்றார். கையைச் சும்மா வைக்கும் வழி அந்த வெள்ளைப் பலகையில் இல்லை.

எனக்கு உருப்படியாகக் காசு மிச்சமானது அவர் மதில்மேல் சாய்ந்து சொன்ன ஒரே ஒரு விஷயத்தால்தான். தமிழ்நாட்டு வீடியோக்கள் முதல் 100 யூனிட் இலவசம் என்று பேசிக்கொண்டிருக்கும். இங்கே அது செல்லாது. கேரளத்தில் வீட்டு மின்சாரம் மாதம் 250 யூனிட் வரை படிப்படிக் கட்டணம். முதல் படி மலிவு, ஏற ஏற விலை. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் எல்லை 500. அதைத் தாண்டி ஒரே ஒரு யூனிட் ஓடினாலும் படிகள் எல்லாம் காணாமல் போய், ஓடிய மொத்தத்துக்கும், முதல் யூனிட் உட்பட, ஒரே உயர்ந்த விலை.

அன்றிலிருந்து ஒவ்வொரு இரண்டாம் மாதக் கடைசியிலும் எங்கள் வீட்டில் நோன்பு. மனைவி டார்ச்சோடு மீட்டரைப் பார்த்து எண்ணை அறிவிப்பாள். 470-ஐத் தொட்டால் ஏ.சி. அணையும். 485-இல் இஸ்திரிப்பெட்டி மேல் அலமாரிக்குப் போகும். என் சட்டைகள் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவுக்குப் போகும். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வெளுத்துக் கொடுக்கும் இடம். மின்சாரத்தில் மிஞ்சியதில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. போகட்டும், அரைமணி நேரம் தமிழில் பேசிவிட்டு வரலாம்.

போன ஏப்ரலில் மீட்டர் 462-இல் நிற்கும்போது, குழந்தைகளோடு ஒரு வாரம் தங்க வருவதாக மதுரையிலிருந்து மச்சான் கூப்பிட்டான். ரீடிங் எடுத்த மறுநாளைச் சொல்லி, அன்றைக்கு டிக்கெட் போடச் சொன்னேன். மாப்பிள்ளை பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்திருக்கிறார் என்று அத்தைக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம்.