காசா, காலா?

எடின்பரோவில் எதையும் பார்ப்பதற்கு இரண்டு வழி உண்டு. காசைக் கொடுத்துப் பார்க்கலாம், அல்லது காலைக் கொடுத்துப் பார்க்கலாம். எம்.எஸ்ஸி. படிக்க வந்தவனிடம் ஃபீஸும் வாடகையும் போக மிச்சம் இருப்பது கால்தான். இந்த விவரமெல்லாம் தெரியாமல் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நியூகாசிலில் ரயில் ஏறினேன்.

ஒன்றரை மணி நேரப் பயணம். "வலது பக்கம் உக்காரு மச்சான், கடல் சூப்பரா தெரியும்" என்று அங்கே இருக்கும் என் திருச்சி நண்பன் போனில் சொல்லியிருந்தான். உட்கார்ந்தேன். இந்த நாட்டில் நவம்பர் மாதம் நாலு மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுகிறது. கடல் தெரிய வேண்டிய ஜன்னலில் வழி முழுக்க என் முகமே தெரிந்தது. அதைப் பார்க்கவா டிக்கெட் எடுத்தேன்?

என்னோடு இன்ஜினீயரிங் படித்த இரண்டு பேர் அங்கே ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஒருவன் திருச்சி, ஒருவன் நாகர்கோவில். வீடு மார்ச்மாண்ட் என்ற பகுதியில். விக்டோரியா மகாராணி காலத்து மணற்கல் கட்டிடங்கள், உயர உயரமான ஜன்னல்கள், பக்கத்திலேயே பெரிய புல்வெளி. போட்டோவில் பார்த்தால் ஜமீன்தார் வீடு. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்த மகாராணியின் ஆட்கள் இந்தக் கட்டிடத்துக்கு லிஃப்ட் மட்டும் வைக்கவில்லை.

"எத்தனாவது மாடிடா?"

"கடைசி மாடி மச்சான். காத்தோட்டமா இருக்கும்."

கையில் ஐந்து கிலோ இட்லி அரிசி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய். இவை எடின்பரோவில் கிடைக்காதா என்று கேட்டதற்கு, "கிடைக்கும், ஆனா அந்தக் கடை தூரம்" என்று பதில் வந்திருந்தது. இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த நான் அவர்கள் கணக்கில் பக்கம். நூற்றைம்பது வருஷமாக மாணவர்கள் மிதித்து நடுவில் குழிந்துபோன கல்படிகளில் ஏறினேன். காற்றோட்டம் என்று சொன்னது பொய்யில்லை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நன்றாகவே ஓடியது. ஹீட்டர் ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரை மட்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்த ஒரு மணி நேரச் சூடும் நேரே கூரைக்குப் போய்விடும். கூரை அவ்வளவு உயரம். மேலே குடியிருக்க ஆள் இருந்தால் சுகமாக இருக்கலாம்.

சமையல் நாகர்கோவில்காரன் பொறுப்பு. "மக்கா, இன்னைக்கு ஸ்காட்லாந்து சாப்பாடு" என்றான். ஹேகிஸ் என்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் நறுக்கி, ஓட்ஸும் வெங்காயமும் கொழுப்பும் மிளகும் சேர்த்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்து வேகவைப்பது. இப்போது கடைகளில் பெரும்பாலும் செயற்கை உறையில் வருகிறது. ராபர்ட் பர்ன்ஸ் இதை வாழ்த்தி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு ஜனவரி 25-ம் தேதியும் அதை வாசித்துவிட்டுத்தான் கத்தியை வைக்கிறார்கள். எங்கள் ஆள் கவிதைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. உறையைக் கிழித்து உள்ளே இருந்ததை உதிர்த்து, நான் சுமந்துவந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு இரும்புச் சட்டியில் சுருள வதக்கினான். மனசாட்சிப்படி சொல்கிறேன், அபாரம். ஓட்ஸ் இருப்பதே தெரியவில்லை. பர்ன்ஸ் அந்தச் சட்டியைப் பார்த்திருந்தால் இரண்டாம் பாகம் எழுதியிருப்பார்.

மறுநாள் காலை திருச்சிக்காரன் வழிகாட்டியானான். அவன் கொள்கை தெளிவானது: கோட்டைக்குள் போகக் கூடாது. நுழைவுக் கட்டணம் அப்போது இருபது பவுண்டுக்குப் பக்கம் இருந்தது. "உள்ள போனா கோட்டை தெரியாது மச்சான். வெளிய நின்னாத்தான் முழுசா தெரியும்." இதில் நியாயம் உண்டு. அணைந்துபோன எரிமலையின் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கோட்டை, ஊரில் எந்த மூலையில் நின்றாலும் வந்து எட்டிப் பார்க்கிறது. பகல் ஒரு மணிக்கு அங்கே பீரங்கி வெடிக்கிறார்கள். அதற்கும் கட்டணம் கிடையாது, காது இருந்தால் போதும். கால்டன் குன்றில் நெல்சன் நினைவுக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தை இறக்கித்தான் துறைமுகக் கப்பல்களுக்கு மணி காட்டிக்கொண்டிருந்தார்களாம். பனிமூட்டத்தில் பந்து தெரியாது. ஆகவே 1861-லிருந்து பீரங்கி. பன்னிரண்டு மணிக்கு வெடித்தால் பன்னிரண்டு குண்டு செலவாகும், ஒரு மணிக்கு ஒன்றே போதும் என்று தங்கள் சிக்கனத்தை ஸ்காட்லாந்துக்காரர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்றும் கிடையாது. இந்த ஊர் மாணவர்களுக்கென்றே கட்டப்பட்டது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

கோட்டை வாசலில் தொடங்கி அரண்மனை வரை இறங்கும் தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். பழைய ஸ்காட்லாந்து மைல் கணக்கு, 1.8 கிலோமீட்டர் வரும். நடக்கிறவன் காலுக்கு இங்கிலீஷ் மைலைவிட இருநூறு மீட்டர் நஷ்டம். அந்தத் தெருவில் தத்துவவாதி டேவிட் ஹியூமின் சிலை இருக்கிறது. அற்புதம், மூடநம்பிக்கை எதையும் நம்பாதே என்று வாழ்நாள் முழுக்க எழுதிய மனிதர். அவருடைய கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுப் போனால் பரீட்சையில் பாஸ் என்று மாணவர்கள் தேய்த்துத் தேய்த்து, விரல் மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. எனக்கு டிசம்பரில் புள்ளியியல் பரீட்சை இருந்தது. தத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கையாலும் தேய்த்தேன்.

கொஞ்ச தூரத்தில் கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற நாய்க்குச் சிலை. எஜமானரின் கல்லறையைப் பதினான்கு வருஷம் காவல் காத்து 1872-ல் செத்துப்போனதாகக் கதை. அதன் மூக்கைத் தேய்க்க ஒரு வரிசை. மூக்கு தேய்ந்துபோகிறது, தயவுசெய்து வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கெஞ்சுகிறார்கள். விசுவாசத்துக்குப் பேர்போன நாயை விட்டுவைக்கலாம் என்பது என் கட்சி. ஹியூமுக்கு அந்தச் சலுகை தேவையில்லை, அவர் வாதம் செய்யத் தெரிந்தவர்.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு வெளியே தரையில் கற்களால் பதித்த இதயம் ஒன்று இருக்கிறது. பழைய சிறைச்சாலை இருந்த இடம். அதன்மேல் துப்புவது ஊர் வழக்கம். "சட்டப்படி துப்புற இடம் மக்கா!" என்று நாகர்கோவில்காரன் நெகிழ்ந்துபோனான். மூன்று பேரும் முறையாகக் காணிக்கை செலுத்தினோம்.

மழை பிடித்துக்கொண்டது. தேசிய அருங்காட்சியகத்துக்குள் ஓடினோம். இலவசம், உள்ளே கதகதப்பு. எங்கள் வீட்டு ஹீட்டரைவிட நல்ல வேலைநேரம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் டாலி நிற்கிறது. 1996-ல் எடின்பரோவுக்குப் பக்கத்தில் ரோஸ்லினில், வளர்ந்த ஆட்டின் ஒரே ஒரு செல்லிலிருந்து உருவாக்கிய செம்மறியாடு. உலக அறிவியலைத் திருப்பிப்போட்ட அந்த ஜீவனை நேருக்கு நேர் பார்க்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. முந்தின ராத்திரி இரண்டாம் முறை சட்டியை வழித்தது ஞாபகம் வந்தது.

வெளிச்சம் போவதற்குள் கால்டன் குன்றில் ஏறினோம். உச்சியில் பன்னிரண்டு பிரம்மாண்டமான தூண்கள். நெப்போலியன் போர்களில் இறந்தவர்களுக்கு ஏதென்ஸின் பார்த்தினான் கோவில் போலவே ஒரு நினைவிடம் கட்டுவதாகத் திட்டம். 1826-ல் ஆரம்பித்தார்கள், 1829-ல் பணம் தீர்ந்தது, போட்டது போட்டபடி நிற்கிறது. எடின்பரோவின் அவமானம் என்று ஊரார் சொல்வது உண்டு. பாதியில் நின்ற மேம்பாலங்களுக்குக் கீழே வளர்ந்து சிவில் படித்த எங்கள் மூவருக்கும் அதில் அவமானம் எதுவும் தெரியவில்லை. இருநூறு வருஷம் விரிசல் விடாமல் நிற்பதைத்தான் பார்த்தோம்.

ராத்திரி மீனும் சிப்ஸும். எடின்பரோவில் அதன்மேல் உப்பும், வினிகர் கலந்த ஒரு பழுப்புச் சாஸும் ஊற்றுவார்கள். கிளாஸ்கோவில் வெறும் வினிகர். இந்த விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒத்துப்போகாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "மீனுக்கு எதுக்குலேய் கம்பளி சட்டை?" என்று மாவை உரித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

ஞாயிறு காலை ஆர்தர்ஸ் சீட். ஊருக்கு நடுவிலேயே 251 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு செத்த எரிமலை, வயது சுமார் முப்பத்துநாலு கோடி வருஷம். எரிமலையைவிட நான்தான் அதிகம் புகை விட்டேன். பாதி வழியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி இரண்டு நாய்களோடு எங்களை முந்திப் போனார். போகிற போக்கில், சாய்வாக அடிக்கும் மழையில், அருமையான நாள் என்றார். உச்சியில் ஊரும் கடலும் ஒருசேரத் தெரியும் என்று சொல்கிறார்கள். நாங்கள் போனபோது மேகம் தெரிந்தது, மிக அருகில்.

மதியம் ரயில். வேவர்லி ஸ்டேஷனுக்கு மேலே பால்மோரல் ஹோட்டலின் மணிக்கூண்டு. ரயிலைத் தவறவிடக் கூடாது என்று 1902-லிருந்தே அதை 3 நிமிடம் வேகமாக வைத்திருக்கிறார்கள். இந்த ரகசியம் தெரியாதவனுக்குத்தான் இதனால் லாபம். திருச்சிக்காரனுக்குத் தெரியும். "டென்ஷன் ஆகாத மச்சான், மூணு நிமிஷம் கழிச்சுக்கோ" என்று அந்த 3 நிமிடத்தையும் ஒரு டீக்கடையில் செலவழிக்க வைத்தான். கழித்த கணக்கோடு வேவர்லி படிகளில் உருண்டு இறங்கி, கதவு மூடும் கடைசி நொடியில் ஏறினேன். அந்த ஊரில் நான் வேகமாக இறங்கிய ஒரே இடம் அது.

எடின்பரோ போகிறவர்கள் அந்தக் கடிகாரத்தில் எதையும் கழிக்க வேண்டாம். இன்னொன்று: டிசம்பர் 31 ராத்திரி, புத்தாண்டுக்காக மட்டும், அது சரியான நேரம் காட்டும். அன்றைக்கு ரயில் பிடிப்பவர்கள் 3 நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.