செருப்பு கேட்டு வந்த ரத்தக் காட்டேரி

செத்துப்போன கணவன் நள்ளிரவில் கல்லறையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் என்ன கேட்பான்? 'உன்னைப் பிரிந்து இருக்க முடியவில்லை கண்ணே' என்று உருகுவான் என்கிறீர்களா? உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது! செர்பியாவில் கிசிலேவோ என்கிற கிராமத்தைச் சேர்ந்த பீட்டர் பிளகோயெவிச், 1725-ல் அப்படித் திரும்பி வந்து கேட்டது ஒரே ஒரு பொருளைத்தான். தன்னுடைய செருப்பை!

நான் கட்டிவிட்ட கதையல்ல இது. அப்போது அந்தப் பகுதியை ஆண்ட ஆஸ்திரிய அரசின் அதிகாரி ஃப்ரோம்பால்ட் என்பவர் மேலிடத்துக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் உள்ளது. வியன்னா பத்திரிகையில் அச்சாகியும் வந்தது. அந்த அம்மாள் செருப்பை எடுத்துக் கொடுத்தாரா என்பதை ரிப்போர்ட் சொல்லவில்லை. வேறு ஊருக்கே குடிபோய்விட்டார் என்று மட்டும் சொல்கிறது. செத்தும் விடாத புருஷனிடமிருந்து வேறு எப்படித்தான் தப்பிப்பதாம்?

அதோடு விட்டாரா பீட்டர்? எட்டே நாளில் 9 பேர் காலி! 'பீட்டர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான்' என்று ஒவ்வொருவரும் சாகும் முன் சொல்லிவிட்டுச் செத்தார்களாம். பிணத்தைத் தோண்டியே ஆகவேண்டும் என்று ஊரே ஒன்றுகூடி நின்றது. ஃப்ரோம்பால்ட் உடனே ஓர் அசல் அரசாங்க அதிகாரி ஆனார். 'மேலிடத்து உத்தரவு வாங்கி வருகிறேன், பொறுங்கள்' என்றார். அந்த உத்தரவு வருவதற்குள் ஊரில் ஒரு ஆள் மிஞ்சமாட்டார், நாங்கள் ஊரைக் காலி செய்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள் ஜனங்கள். ஊர் காலியானால் வரியை யாரிடம் வசூலிப்பது? அதிகாரி மறுபேச்சில்லாமல் கல்லறைக்கு நடந்தார்.

தோண்டினால் புது நகம், புதுத் தோல், வாயில் ஈரம் காயாத ரத்தம்! 'இன்னும் சில காட்டுத்தனமான அடையாளங்களும் தெரிந்தன, மரியாதை கருதி எழுதவில்லை' என்று வேறு நைசாக நழுவுகிறார் ஃப்ரோம்பால்ட். அவை என்ன அடையாளங்கள் என்று அறிஞர்கள் இன்றைக்கும் நமட்டுச் சிரிப்போடு ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரார் பீட்டரின் நெஞ்சில் கூரான கழியை இறக்கிக் கொளுத்தினார்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் நம் அதிகாரி வைத்தாரே ஒரு வரி! இதில் தவறு ஏதும் இருந்தால் பொறுப்பு தன்னுடையதல்ல, பயத்தில் புத்தி பேதலித்த ஜனங்களுடையதாம். ரத்தக் காட்டேரியைக்கூட எரித்துவிடலாம். இந்த மாதிரி வரிகளுக்கு மட்டும் சாவே கிடையாது.

இதே மாதிரிப் புகாரை விசாரிக்க 1732 ஜனவரியில் மெட்வெட்ஜா என்கிற இன்னொரு செர்பிய கிராமத்துக்கு ராணுவ டாக்டர்களே போனார்கள். அங்கே 60 வயது மிலிட்சா என்கிற பெண்மணியின் உடலைத் தோண்டினார்கள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். வாழ்நாள் பூராவும் ஒட்டி உலர்ந்து கிடந்தவர், கல்லறையில் பூசினாற்போல் தளதளவென்று இருந்தாராம்! பிணம் அழுகும்போது உள்ளே வாயு சேர்ந்து உடம்பு உப்பும், மேல்தோல் உரியும், நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்புத் திரவம் வாய்க்கு ஏறும். இன்றைக்கு எந்த ஃபாரன்சிக் டாக்டரும் இதைச் சொல்வார். அன்றைக்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு சர்ட்டிபிகேட்டே கொடுத்தார்கள், 'வாம்பயர்' என்று!

ஆக, ஒரிஜினல் ரத்தக் காட்டேரி உப்பிச் சிவந்த முகம்கொண்ட பட்டிக்காட்டு ஆசாமி. கோட்டை, கறுப்பு அங்கி எதுவும் கிடையாது. சொந்த வீடு, சொந்தத் தெரு, தெரிந்தவர் கழுத்து. இப்பேர்ப்பட்டவரை வெளிறிய முகத்துப் பிரபுவாக மாற்றக் காரணமான புண்ணியவான் யார்? ஒரு கவிஞர். வேறு யாருக்கு அவ்வளவு தைரியம் வரும்!

பைரன் பிரபு, இங்கிலாந்தின் சூப்பர் ஸ்டார். உடம்பு போட்டுவிடுமோ என்கிற பயத்தில் பிஸ்கட்டும் சோடாவுமாகக் காலம் தள்ளிய மனிதர். அந்த 'சோக அழகு' பாதிக்குப் பாதி பட்டினி! 1816 கோடையில் ஜெனிவா ஏரிக்கரை பங்களாவில் தங்கினார். கூடவே 20 வயது பெர்சனல் டாக்டர் ஜான் பாலிடோரி. பாலிடோரிக்கும் எழுத்தாளர் ஆக ஆசை. பைரனுக்கு அவரைக் கிண்டலடிக்க ஆசை. பின்னாளில் மேரி ஷெல்லி ஆகப்போகும் பெண் மழையில் மேடேறி வந்துகொண்டிருந்தாள். 'குதித்துப் போய்க் கைகொடுக்க வேண்டாமா?' என்று பைரன் உசுப்பேற்ற, டாக்டர் குதித்தார். கால் சுளுக்கியது. வைத்தியருக்கே வைத்தியம்!

மழை விடவே இல்லை. போரடித்து, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதப் போட்டி வைத்தார்கள். மேரி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கினாள். பைரன் சில பக்கம் கிறுக்கிவிட்டு அலுத்துப்போய்த் தூக்கிப்போட்டார். அந்தக் கருவை எடுத்துக்கொண்ட பாலிடோரி, பெண்களை மயக்கி ரத்தம் குடிக்கும் பிரபு ரத்வென் என்கிற பாத்திரத்தைப் படைத்தார். ரத்வென் யாரின் ஜெராக்ஸ் என்று கேட்கவேண்டுமா? பைரனின் முன்னாள் காதலி கேரலைன் லேம் அவரைத் திட்டி எழுதிய நாவலில் வில்லனுக்கு வைத்த பெயரே அதுதான்! முதலாளியை நேருக்கு நேர் 'ரத்தம் உறிஞ்சுகிறவன்' என்று திட்ட முடியாத ஊழியர், கதையாக எழுதிப் பழிதீர்த்துக்கொண்டார். 1819 ஏப்ரல் 1-ல் கதை பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பெயர்: லார்ட் பைரன்! நான் எழுதியது என்று பாலிடோரி கத்தினார், நான் எழுதவில்லை என்று பைரனும் கத்தினார். காதில் வாங்க ஆளில்லை.

பிறகு எல்லாக் காட்டேரிகளும் பிரபுக்களாகவே பிறந்தன. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் கொண்டுவந்த டிராகுலாவும் கவுன்ட்தான். ஆனால் நாவலை ஊன்றிப் படித்தால் ஒரு காட்சி வரும். கோட்டையில் வேலைக்காரர் என்று ஒருவர்கூட இல்லை. விருந்தாளி ஹார்க்கர் தன் அறைக்குப் போய்ப் பார்க்கிறார்: டிராகுலா படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார்! இன்னொரு சமயம் கதவிடுக்கு வழியே பார்த்தால், சாப்பாட்டு மேஜையை அடுக்குகிறார்! திரான்சில்வேனியாவே நடுங்கும் மாவீரர், திரைக்குப் பின்னால் ரூம் பாய். சினிமாக்காரர்கள் இந்தக் காட்சிப் பக்கம் அதிகம் வருவதில்லை.

காட்டேரியை மறுபடி சின்ன ஊருக்கு இழுத்துவந்தது அமெரிக்க டி.வி. சீரியல். 1967-ல் 'டார்க் ஷேடோஸ்' ரேட்டிங் படுத்துக் கிடந்தபோது, பார்னபஸ் காலின்ஸ் என்கிற காட்டேரியைக் கொஞ்ச நாளைக்கென்று இறக்கினார்கள். கடலோரச் சிற்றூரில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் கதவைத் தட்டி, 'நான் உங்கள் இங்கிலாந்து உறவுக்காரன்' என்கிறார். அவ்வளவுதான், தங்க இடம் கொடுத்துவிட்டார்கள்! பகலில் ஏன் தென்படுவதில்லை, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்க அங்கே ஓர் அத்தை இல்லை. நடித்த ஜொனாதன் ஃப்ரிட் வசனம் மறந்து திருதிருவென்று விழிப்பார். ஐயோ, எத்தனை நூற்றாண்டுச் சோகம் என்று இல்லத்தரசிகள் உருகினார்கள். 1971-ல் சீரியல் முடியும்வரை அவரை அசைக்க முடியவில்லை.

மிச்ச வேலையைப் பெண் எழுத்தாளர்கள் முடித்தார்கள். சார்லைன் ஹாரிஸ் 2001-ல் எழுதிய 'டெட் அன்டில் டார்க்' நாவலில், லூசியானாவின் பான் டெம்ப்ஸ் என்கிற கற்பனை ஊருக்கு ஒரு காட்டேரி குடிவருகிறது. பார் சர்வர் சூக்கிக்கு மற்றவர் மனதைப் படிக்கும் சக்தி. இவன் மனம் மட்டும் அவள் காதில் விழுவதில்லை. ஊர் ஆண்கள் மனதுக்குள் ஓடுவதையெல்லாம் தினம் கேட்டு நொந்தவளுக்கு வேறென்ன வேண்டும், காதல் பற்றிக்கொண்டது! பெயரைக் கேட்கிறாள். 'பில்' என்கிறான். ரத்தக் காட்டேரிக்குப் பெயர் பில்லா என்று சிரித்தே விடுகிறாள். அவன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவன் என்றதும் அவளுடைய பாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. போர்வீரர் வம்சாவளிச் சங்கத்தில் பேச அழைக்கிறாள். நேரில் பார்த்தவன் கிடைத்தால் எந்தச் சங்கம் விடும்?

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005-ல் வந்தது. 1901-ல் பிறந்த காட்டேரி எட்வர்ட் 17 வயதிலேயே நின்றுபோய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் படித்துக்கொண்டே இருக்கிறான். நூறு வருட அனுபவத்தோடு மறுபடி உயிரியல் வகுப்பு! இதைவிடக் கொடூரமான தண்டனையை எந்தப் பாதிரியாரும் யோசித்ததில்லை. ராத்திரி காதலி பெல்லாவின் அறைக்குள் நுழைந்து அவள் தூங்குவதை உட்கார்ந்து பார்ப்பது அவனுடைய காதல். பெண்ணின் அப்பா யார் தெரியுமா? ஊர் போலீஸ் சீஃப்! என் ஓட்டு பில்லுக்குத்தான்.

கதை நடக்கும் ஊரை மேயர் எப்படிப் பிடித்தார் என்பது தனிக் கூத்து. வெயில் தலைகாட்டாத ஊர் வேண்டுமென்று, அமெரிக்காவில் அதிகம் மழை கொட்டும் இடம் எது என்று இன்டர்நெட்டில் தேடினார். வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸ் சிக்கியது. மரம் வெட்டிப் பிழைத்த, சுமார் 3,000 பேர் வாழும் ஊர். காலை வைக்காமலே கதையை எழுதினார். படத்தையும் பெரும்பாலும் பக்கத்து மாநிலமான ஓரிகனில் போய் எடுத்தார்கள். இருந்தும் ரசிகைகள் பஸ் பஸ்ஸாக ஃபோர்க்ஸில் வந்திறங்கினார்கள். மரத்தொழில் படுத்திருந்த ஊர் மறுப்பு சொல்லுமா என்ன! பெல்லா பிறந்த நாளையொட்டி செப்டம்பரில் விழாவே எடுக்கிறார்கள். ஊர் ஆஸ்பத்திரி, நாவலில் வரும் காட்டேரி டாக்டர் கல்லனுக்குக் காரை நிறுத்த போர்டு போட்டு இடம் ஒதுக்கியது. ரத்த வங்கிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.